டாக்டரம்மா வண்டியின் புது பிரேக்

என் சேலையில் இன்னும் அந்தக் கருகல் வாசனை இருக்கிறது. புது பிரேக் பேட் முதன்முதலில் சூடாகும்போது வருமே, அது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இன்றுதான் முதல் தடவை.

தேவராவில் இருக்கும் டாக்டரம்மாவின் கரண்ட் வண்டி, அந்த பேட்டரி கார் நினைவிருக்கிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூணாறு இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்கவில்லை, பெரிய டிஸ்க்கும் நல்ல பேடும் போட்டுக் கொடுங்கள் என்று மட்டாஞ்சேரியில் நம் ஒர்க்‌ஷாப்பைத் தேடி வந்தார்.

எந்த வண்டிக்குப் பிரேக் வேலை செய்தாலும், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி ஓட்டிப் பார்க்காமல் சாவியைத் தரமாட்டீர்கள். "ஓட்டுறவனுக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்புக்குத்தான் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியும்" என்பீர்கள். அடுப்பில் கப்பைக் கிழங்கு வெந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிட்டு வருவேன்.

அன்று டாக்டரம்மா வண்டி அலுங்காமல் நின்றது.

"பார்த்தியா, வெண்ணெய் மாதிரி நிக்குது."

"நீங்க பிரேக்கை மிதிக்கவே இல்லையே. காலை எடுத்தீங்க, அதுவா நின்னுச்சு."

"கள்ளி, கண்ணைத் திறந்துட்டியா?"

கரண்ட் வண்டி அப்படித்தான், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டாரே பிடித்து நிறுத்திவிடும் என்று அன்றுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. பிறகு இந்த வாசனை வரும்வரை மிதித்து மிதித்து ஓட்டினீர்கள், சிரித்துக்கொண்டே.

அதே வண்டிக்கு நேற்று உங்கள் தம்பி புது பேடும் டிஸ்க்கும் மாற்றினான். இத்தனை மாதமாக அவன் கூப்பிட்டும் நான் எந்த வண்டியிலும் ஏறவில்லை. வேறொருவர் ஓட்ட, பக்கத்தில் கண்ணை மூடி உட்காரப் பயம். இன்று டாக்டரம்மா சாவியை வாங்க மறுத்துவிட்டார்.

"சேச்சி ஏறிப் பார்த்தாங்களா? இல்லேன்னா பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எப்படி மலை இறங்குவேன்?"

ஏறினேன். தோப்பும்படி ரோட்டில் தம்பி பிரேக்கை மிதித்தான்.

"எப்படி மதினி?"

"இடது பக்கம் இழுக்குது."

"நேராத்தானே நின்னுச்சு?"

"நீ ஓட்டுறே. உனக்குத் தெரியாது."

திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றினான். இடது பக்க பேட் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சரி செய்து மறுபடி போனோம். வாசனை வந்தது. வண்டி நேராக நின்றது. நான் கண்ணைத் திறக்கவில்லை. யாராவது பேசும்வரை பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். தம்பிக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

நாளைக்குச் சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு வண்டி வருகிறதாம். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.