நடுச்சுவர் இல்லாத வீட்டுக்கு என் தங்கையை அனுப்ப வேண்டாம்

அனுப்புநர்:
லி. அனோஜா,
உதவி ஆசிரியை,
பழைய பாலத்தடி ஒழுங்கை,
இரத்தினபுரி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சிறுவர் பாதுகாப்புப் பிரிவு,
பிரதேச அலுவலகம்.

பொருள்: என் தங்கை லி. சர்மிளாவை (வயது 11) தந்தையின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் முடிவை நிறுத்தி, அவளை என் பொறுப்பில் ஒப்படைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். தாயார் காலமாகிவிட்டார். எங்கள் தந்தை திரு. பவுல் லியோன் அடித்ததில் தங்கையின் வலது கை முறிந்து, வைத்தியசாலை மூலம் விஷயம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் கொடகவெலயில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருக்கிறாள். இந்தப் பாடசாலைத் தவணை முடிந்ததும் அவளைத் தந்தையிடமே அனுப்பப்போவதாக எனக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. அதை ஆட்சேபித்தே இம்மனுவை எழுதுகிறேன்.

2. கள உத்தியோகத்தர் தம் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். சிங்களம் எனக்கு நன்றாகவே தெரியும். விளங்காமல் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். மூத்த மகளும் இதே தந்தையிடம் வளர்ந்து இன்று ஆசிரியையாக இருக்கிறார், ஆகவே இளைய மகளும் சமாளித்துக்கொள்வாள் என்பது அதிலுள்ள முதற் காரணம். ஐயா, என்னைப் பற்றி அந்த வரியை எழுதுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

3. எனக்கு ஏழு வயதிலிருந்து அடி விழுந்தது. இடுப்பு வார், விறகு, கையில் அகப்பட்டது எதுவும். இன்றும் வகுப்பில் ஒரு மேசை சாய்ந்தால் என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விடும். டீச்சர் விளையாடுகிறார் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன்.

4. சிறு வயதில் துன்புறுத்தப்பட்டும் பிற்காலத்தில் ஒழுங்காக வாழ்கிறவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்க்கும் ஓர் ஆய்வில் கடந்த ஆண்டு நானும் சேர்ந்தேன். அதை நடத்திய டொக்டர் ஸுமைரா எங்களுக்கு விளங்கப்படுத்தினார். மூளைக்குள் ஆபத்து என்று கத்துகிற ஓர் இடம் உண்டு. அடிபட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு அது சின்னச் சத்தத்துக்கும் கத்தும். நன்றாக இருப்பவர்கள் என்று சேர்க்கப்பட்ட எங்களிலும் அப்படித்தானாம். நெற்றிப் பக்கமுள்ள பகுதி அந்தக் கத்தலை அடக்க ஓயாமல் பாடுபடுவதுதான் எங்களிடம் கண்ட வித்தியாசம். தனியொருவரின் படத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்றும் அவர் சொன்னார். ஆகவே என் படத்தைச் சான்றாக இணைக்கவில்லை. சமாளிப்பது என்பது நாள் முழுக்கச் செய்கிற வேலை, அது களைக்க வைக்கிறது என்பதை மட்டும் தாங்கள் அறிய வேண்டும்.

5. அடி விழும்போது ஓடிப்போக ஓர் ஆளாவது இருந்தாரா என்று டொக்டர் எல்லோரிடமும் கேட்டார். அப்படி ஒருவர் இருந்த பிள்ளைகளுக்கே மீண்டுவர வழி அதிகமாம். எனக்கு இருந்தார், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மரியாயி அக்கா. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. அடி தொடங்கினால் அவர் சுவருக்கு மேலாகச் சத்தம் கொடுப்பார்: "லியோன் அண்ணே, அனோஜாவ கொஞ்சம் அனுப்புங்க. கொழுந்துக் கூடக் கயிறு அறுந்துபோச்சு, முடிஞ்சு தர ஆளில்ல." அந்தக் கயிறு ஒருநாளும் அறுந்ததில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். லயமே கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற வெட்கத்தில் கையை விடுவார். அவர் தூங்கும் வரை அந்தக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் அடுப்படியில் இருப்பேன்.

6. குடும்பம் இப்போது புதிய தனி வீட்டில் வசதியாக இருக்கிறது என்பது அறிக்கையின் இரண்டாவது காரணம். உண்மைதான். எங்கள் சனம் எத்தனையோ காலம் கேட்டுக் கிடைத்த வீடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல சீமெந்துச் சுவர், பூட்டக்கூடிய கதவு. மரியாயி அக்காவுக்கு மலையின் அடுத்த பக்கம் வீடு கிடைத்தது. சர்மிளா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் பாடசாலையில் அவளால் பென்சிலைப் பிடிக்க முடியாதபோதுதான் வெளியே தெரிந்தது.

7. வீட்டுக்குப் போக விருப்பமா என்று உத்தியோகத்தர் கேட்டதற்கு அவள் சிரித்த முகத்துடன் ஆம் என்றாளாம். தந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

நான் திருமணமாகாதவள் என்பதால் அவளை என்னிடம் தரத் தயங்குவதாக அறிந்தேன். என் வாடகை அறைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் இருமினால் என்ன மருந்து குடித்தாய் என்று கேட்பார்கள். தயவுசெய்து நேரில் வந்து பார்த்து, தங்கையை என்னிடம் ஒப்படைக்கும்படி மிகத் தாழ்மையுடன் கேட்கிறேன்.

இல்லை, தந்தையிடம் அனுப்பியே தீர வேண்டும் என்றால், அதற்கு முன் ஒருமுறை அந்தப் புதிய வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். யாராவது பதில் சத்தம் கொடுத்தால் என் தங்கையை அங்கே அனுப்புங்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
லி. அனோஜா

இடம்: இரத்தினபுரி
திகதி: 12.11.2025