பின்னால் தள்ளிய தேதி

அன்பு மருமகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன், கண்ணு. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு டீ ஆகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு மறுபடி வரன் வந்திருப்பதாகவும், எனக்காக நீ தயங்குவதாகவும் சம்பந்தியம்மா சொன்னார். அதற்கு வருகிறேன். முதலில் கடை விஷயம்.

நம் சலவைக் கடையின் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. என் பிள்ளை எழுதித் தந்த பில் புரோகிராம் புதியதில் திறக்கவே இல்லை.

"இது ஓடறதுக்கு வேண்டிய பழைய சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தினா கெடு முடிஞ்சதுன்னு சொல்லுது, பெரியவரே. கம்ப்யூட்டர் தேதியைப் பழைய வருஷத்துக்குப் பின்னால தள்ளி வெச்சா ஓடும்," என்றார் மெக்கானிக். தள்ளினார், ஓடியது.

முதல் பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேதியில் அவன் உயிரோடு இருந்த வருஷம்! அப்புறம் தினமும் விடிவதற்குள் கடைக்கு ஓடினேன்.

"என்ன பெரியவரே, போன ஜென்மத்துல துவைச்ச சட்டையா?" என்று பில்லைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று சம்பந்தியம்மா உன் தயக்கத்தைச் சொன்னதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, இன்றைய தேதியையே வைக்கச் சொன்னேன்.

"உங்க பையனோட புரோகிராம் ஓடாதே?"

"தெரியும் தம்பி. வேற ஒண்ணு போடுங்க."

அவர் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் சரியென்று சொல்லிவிடு, கண்ணு. மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டையை நானே தேய்த்துத் தருகிறேன்.

என்றும் உன்
மாமா