பேரத்தில் போன மெமரி

இன்று காலை என் மடிக்கணினி ஒரு செய்தி காட்டியது. இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்கும் தகுதி இந்தக் கணினிக்கு இல்லையாம். ஒரு நாளும் மக்கர் பண்ணாத பெட்டி. ‘தகுதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. கூடவே உன் முகமும் வந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் சேர்ந்து உட்கார்ந்த கம்ப்யூட்டர் ரூம் நினைவிருக்கிறதா? ஊருக்கெல்லாம் ஷூ மாட்டிவிடுகிற இடத்தில், அந்த அறைக்குள் மட்டும் எல்லோரும் வெறுங்காலோடுதான் நுழைய வேண்டும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். “மெஷினக் கெடுக்கத் தூசி எதுக்கு, மொதலாளி பத்தாதா?” என்பாய்.

வெறும் எழுத்து மட்டும் தெரியும் பழைய டாஸ் சிஸ்டத்தில், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான பேக்கிங் லிஸ்ட்டை நீ அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கம்பெனியில் திரையில் படத்தைத் தட்டினால் வேலை நடக்கும் புது சிஸ்டம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. வேலூரிலிருந்து வந்த விற்பனைக்காரரிடம், பச்சைத்தோல் வாங்குகிற மாதிரியே பேரம் பேசினார். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே விலையை இறக்கினார். உள்ளே போடும் மெமரியையும் பாதியாக இறக்கிவிட்டார்.

“மொதலாளி, இந்த சிஸ்டத்துக்கு இது பத்தாது. இன்னும் ஜாஸ்தி வேணும்” என்றாய்.

“ஓடும்னு அவரே சொல்றாரு. உனக்கு இன்னாப்பா?”

ஓடியது, நொண்டிக்கொண்டு. பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருக்கிற மெமரியிலேயே நன்றாக ஓடுமென்று, பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தின் சிடியை முதலாளியிடம் எடுத்துப் போனாய். “ஓசியில வர்றது உருப்படுமா?” என்றார். பேரம் பேச வழியில்லாத பொருளை அந்த மனிதருக்கு மதிக்கத் தெரியாது.

ஒரு நாள் கன்டெய்னர் வாசலில் காத்து நிற்க, பேக்கிங் லிஸ்ட் அச்சாகி வர மாலையாகிவிட்டது. பழி உன் மேல். “கை ஸ்லோ, புது சிஸ்டத்துக்கு ஒத்துவரமாட்டான்” என்று உன்னைத் தோல் குடோனுக்கு அனுப்பினார்கள். பெட்டிதான் காரணம் என்று நான் போய்ச் சொன்னேன். “நீயும் குடோனுக்குப் போறியா?” என்று முதலாளி கேட்டார். உன் நாற்காலிக்கு வந்தவருக்குப் புது மெஷின், முழு மெமரியோடு. “பாத்தியா, இன்னா வேகம்!” என்று பூரித்துப்போன முதலாளியின் முகத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குடோனில் உப்பு நாற்றத்துக்கு நடுவே நீ சொன்னாய்: “நான் ஸ்லோ இல்ல தோஸ்த். ஒருத்தனாவது அந்தப் பொட்டியத் தொறந்து பாத்திருக்கலாம்.” போன வருஷம் நீ கண்மூடும் வரை ‘கை ஸ்லோ’ என்ற பேர் உன்னை விடவில்லை.

இப்போது நான் ராணிப்பேட்டையில் ஒரு ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். யாரையாவது ஸ்லோ என்று புகார் வந்தால், ஆளைக் கூப்பிடுவதில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு போய்ப் பெட்டியைத் திறக்கிறேன். பிறகு இங்குள்ள முதலாளியிடம் போய்க் கேட்கிறேன்: “சார், பேரத்துல எதக் கம்மி பண்ணீங்க?”