எதிரிக்குக் கொடுத்த குரல்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய மைக் ஸ்டாண்டு ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தார்பாயை விரித்துப் புதுத் தோல் பைகளைக் குவித்து வைத்திருந்தார். வெயில் ஏற ஏற வாசனை கிளம்பியது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, "இன்னா சார், சும்மா பாத்துகினே கீறியே, பை வோணுமா?" என்று கேட்டார். எனக்குப் பை வேண்டாம். அந்த வாசனைதான் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

பம்மலில் தோல் கம்பெனியில் கணக்கு பார்த்தவன் நீ. கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். தாம்பரத்தில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. ஐம்பதைத் தொட்ட பிறகு உனக்கு ஒலி நாடகம் எடுக்கும் ஆசை வந்தது. பொழிச்சலூரில் என் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ என்று நீயே முடிவு செய்தாய். ஸ்கூட்டரில் மூட்டை மூட்டையாகக் கழிவுத் தோல் கொண்டுவந்து சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டாய். "ஒரு பொட்டு சத்தம் உள்ள வராது மச்சான்" என்றாய். சத்தம் நின்றதா தெரியவில்லை, அந்தத் தோல் வாசனையில் என் மனைவி அந்தப் பக்கம் வருவது நின்றுபோனது.

கதை உன்னுடையது. முந்நூறு வருடம் கழித்து நடக்கிறது. இயந்திரம் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்ட ஒரு கிராமம். ஏரி, நாலு தெரு, ஆட்டு மந்தை, அவ்வளவுதான். அந்த ஊரிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் துரத்தப்பட்டவர்கள் வானத்துக்குப் போய், இப்போது பழைய பகையோடு, ஏரி எங்களுடையது என்று கேட்டுத் திரும்பி வருகிறார்கள். ஊர்த் தலைவியாக எங்கள் மாடி வீட்டு ராஜி அக்கா. எதிரிகளின் தலைவனாக நீ.

வேறு யார்? உங்கள் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சின்ன வயதிலிருந்து, பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் கெட்ட ராஜா நீதானே. அந்தக் கரகரத்த கனமான குரலுக்கு நல்லவன் வேஷம் யார் கொடுப்பார்கள்? ஆனால் ஒவ்வொரு வருடமும் போதகரோடு மல்லுக்கு நிற்பாய். ராஜாவுக்கு ஒரு வசனமாவது நியாயமாக வேண்டும் என்பாய். "பயந்தவன்தாண்டா கொல்றான். அந்தப் பயத்தக் காட்டாம மீசைய மட்டும் ஒட்டிவிட்டா எப்படி?" என்று என்னிடம் பொருமுவாய். உன் நாடகத்திலும் எதிரி வாயைத் திறந்தால் கேட்கிறவன் கொஞ்சம் ஆடிப்போவான். எடிட் செய்யும்போது நான் பலமுறை கட்சி மாறியிருக்கிறேன்.

எல்லாப் பகுதிகளிலும் உன் வசனங்களை முடித்துவிட்டோம். அப்போதுதான் உன் குரல் கம்மியது. ஜலதோஷம் என்றாய். மிளகுப்பால் குடித்தாய், உன் மனைவி மெர்சி திட்டிய பிறகு டாக்டரிடம் போனாய். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும், அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார்கள். அதற்குப் பிறகு பேச முடியாது. செய்தியைச் சொல்ல வந்தவன் நீ, அழுதவன் நான். "விடு மச்சான், நாடகம் முடிஞ்சிருச்சுல்ல" என்று என் முதுகைத் தட்டினாய்.

முடியவில்லை. மறுநாளே அது தெரிந்தது. சங்கரன்கோவிலில் இருக்கும் நம் கல்லூரி நண்பனுக்கு நாடகத்தை அனுப்பியிருந்தேன். அவன் போன் செய்தான்.

"கதை நல்லாருக்குடே. ஆனா மிஷினே இல்லாத ஊருன்னு சொல்லுதீங்க, எதுக்கு இத்தனை பிளேனு பறக்கு?"

"எந்த பிளேனு?" என்று கேட்டேன். சத்தியமாகப் புரியவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பகுதியைப் போட்டேன். ஏரிக்கரையில் ஆடு கத்துகிறது, நீ பேசுகிறாய், பின்னால் இறங்குகிறது ஒரு விமானம். இரண்டாம் பகுதி, ஒரு விமானம். மூன்றாவதில் ஊர்த் தலைவியின் பிரார்த்தனைக்கு நடுவில் ஒன்று, பின்னால் இன்னொன்று. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு கூட்டம் சேர்ந்து எடுத்த நாடகம். ஒருவர் காதிலும் அது விழவில்லை. நான் எடிட் செய்யும் கல்யாணங்களில் எல்லாச் சத்தத்தையும் நாதஸ்வரம் மூடிவிடும், அதனால் என் காது எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ராஜி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னோம். "இன்னா சத்தம்? ஒண்ணியும் கேக்கலியே" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு மேல் ஒன்று போனது.

மற்றவர்களைத் திரும்பப் பேசவைக்கலாம். உன்னை முடியாது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் உனக்கு மூச்சு வாங்கியது. விமானச் சத்தத்தை உருவியெடுத்தால் உன் குரலும் தகரமாகிவிட்டது. உன் குரலின் கடைசிப் பதிவை நாமே கெடுத்துவைத்திருக்கிறோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ சிரித்தாய். எனக்குக் கோபமாக வந்தது. "மச்சான், அது பிளேன் இல்ல. அவங்க கப்பல்" என்றாய்.

அன்றே உட்கார்ந்து கதையைத் திருப்பினாய். எதிரிகள் இனிமேல் வரப்போவதில்லை, மூன்று தலைமுறையாக ஊருக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு ஊருக்குக் காது மரத்துவிட்டது. வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள் மட்டும், "அது என்ன சத்தம்?" என்று கேட்கிறாள். ஊர்த் தலைவி சொல்கிறாள், "இன்னா சத்தம்? ஒண்ணியும் கேக்கலியே." ராஜி அக்கா அதை நடிக்கவே தேவையிருக்கவில்லை. தப்பு என்று நான் தூக்கிப்போட இருந்ததை நாடகத்துக்கே முதுகெலும்பாக்கிவிட்டாய். உன்னை அன்றைக்குப் பார்த்ததுபோல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் கூடச் சுற்றியவனுக்கு இவ்வளவு மூளையா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

உனக்கு ஒரே ஒரு வசனம் புதிதாகத் தேவைப்பட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை மெர்சி உன்னைக் கூட்டிவந்தாள். அவள் ராஜி அக்காவோடு மாடியில் இருந்தாள். நான் மைக்கைச் சரிசெய்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இருக்கிற குரலை மெர்சிக்கும் பொண்ணுக்கும் ஏதாவது பேசி வைடா. இந்த வசனத்தை வேற யாரையாவது வச்சு ஒட்டிக்கலாம்."

நீ தலையாட்டினாய், முடியாது என்று. "அவங்களுக்கு நான் இருக்கேன்டா. குரல் இல்லாட்டியும் இருப்பேன். இந்த ஆளுக்கு என் குரல விட்டா வேற என்ன இருக்கு?"

விமானத்துக்காகக் காத்திருந்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு அதற்காக உட்கார்ந்திருந்தோம். வந்தது. அதன் அடியில் நீ பேசினாய். "மூணு தலைமுறையா உங்க தலைக்கு மேலதான் இருந்தோம். ஒருத்தராவது நிமிந்து பாத்தீங்களா?" அது உடைந்த குரல்தான். ஆனால் அந்த எதிரிக்கு உடைந்த குரலைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. நீ பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நீ இருந்தாய், சொன்னபடியே. போனில் தட்டித் தட்டிக் கிண்டலடித்தாய். மகள் கல்லூரியில் சேர்ந்ததைப் பார்த்தாய். பிறகு கட்டி திரும்ப வந்தது, நீ போனாய். நான் மட்டும் ஒரு குறையோடு இருந்தேன். மெர்சிக்கு என்று ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கலாமே, பாவி, என்று உன்னைப் பலநாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

சந்தையிலிருந்து நேரே பம்மலுக்குப் போனேன். மெர்சி காபி கொடுத்தாள். நாடகத்தைக் கேட்பதுண்டா என்று தயங்கித்தான் கேட்டேன். தினமும் சமைக்கும்போது போடுவாளாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் சொன்னதையும் நீ மறுத்ததையும் முதல்முறையாக அவளிடம் சொன்னேன்.

அவள் என் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். பிறகு, "நல்லவேளைண்ணா. எனக்குன்னு பேசி வச்சிருந்தா அதையே போட்டுப் போட்டு அழுதுகிட்டு இருப்பேன். இதுல அவரு சண்டைக்கில்ல வர்றாரு. நான் கரண்டியோட நின்னு, 'உங்களைத் துரத்தினது தப்புதான், அதுக்காக ஏரிய கேப்பீங்களா'ன்னு பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன்னை அடக்கம் செய்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இப்போது நானும் அப்படித்தான் கேட்கிறேன், மச்சான். உன் எதிரி பேசப் பேச, ஊர்ப் பக்கம் நின்று எனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் எடுத்துவிடுகிறேன். இதுவரை ஒருநாளும் நான் ஜெயிக்கவில்லை.