லோகாகட்டுக்கு இந்தத் தடவை நான் வருகிறேன், அத்தான்

கோபிக்கவே தெரியாத என் அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் மழைக்காலமும் முடிந்துவிட்டது. உங்களுக்காக நாம் குடியிருக்கும் கட்கிப் பேட்டையே கடையடைத்தது என்று ஊருக்கு இன்லண்டு லெட்டர் போட்டேன். ஒரு பிரிகேடியர் தேம்பித் தேம்பி அழுதார் என்றும் எழுதினேன். வந்தவர் உங்கள் ஃபாக்டரி வாட்ச்மேன்தான். ஆனால் அவர் அழுதது நிஜம்.

உங்கள் மகள் சுதா சனிக்கிழமை லோகாகட் கோட்டைக்குப் போகிறாள். காலேஜ் பிள்ளைகளோடு மேலே கூடாரம் போட்டுத் தங்கப்போகிறாளாம். வருஷாவருஷம் நீங்கள் கூட்டிப்போன மலைதானே? அக்கா மட்டும் விடமாட்டேன் என்று நின்றாள்.

"அப்பா இல்லாம மலையாவது மண்ணாவது! போணும்னா மாமாவோட போ. அவன்தான் இருபது தடவ ஏறினவனாச்சே."

இருபது என்று சொல்லிவைத்தவன் நான்தான். நான் உங்களோடு வந்த நாட்களில் சுதா சின்னப்பிள்ளை, மறந்திருப்பாள் என்று தைரியமாகப் பை கட்ட உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மெட்ராஸ் ரயிலுக்குக் கட்டுவதுதான். காற்றுத் தலையணை, புளியோதரை டப்பா, சீட்டுக்கடியில் பெட்டியைப் பூட்டும் சங்கிலி. சுதா அந்தச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத மலைல எதுல கட்டுவீங்க மாமா?"

"பாறைலதான். போன தடவ ஒருத்தன் பையையே..."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் உங்கள் கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "போட்டுப் பாருங்க." அடியில் போன வருஷத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

"கண்ணு, நான் ஒரு தடவகூட ஏறினதில்ல. பாதிப் படியிலயே தல சுத்திடும். கீழ டீக்கடைலயே உக்காந்துடுவேன்."

"நானும்தானே கூட வந்தேன், தெரியாதா? மேல போனதும் அப்பா உங்களப் பாத்துக் கை காட்டுவார். நீங்க நிமிந்தே பாத்ததில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. என்னப் போகவே விடமாட்டா."

எத்தனை தடவை கை காட்டினீர்கள் அத்தான்? இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அக்காவிடம் என்னைக் காட்டிக்கொடுக்காதவர், இதை என்னிடமும் சொல்லாமலே போய்விட்டீர்களே.

சனிக்கிழமை அவளுக்கு ஒரு படி பின்னால் ஏறுவேன். தலை சுற்றினால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன். மேலே யாரும் நிற்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்ந்து பார்ப்பேன்.

உங்கள் ஒரே மச்சினன்,
பாஸ்கரன்