சேற்றில் நாலு தேனீக்கள்

ஆஸ்கில், யார்க்ஷயர்
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி டெரிக்குக்கு,

அக்கா ரோவினா எழுதுகிறேன். நியூசிலாந்து வெயிலில் நீயும் ஜூடியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே யாரும் சுகமாக இல்லை, ஆனால் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வோம். போனில் பேசினால் எனக்கு எதுவும் சரியாகச் சொல்ல வராது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய நன்கொடை வந்தது. கூடவே தசையை முறுக்கிக் காட்டும் கை எமோஜியும் வந்தது. உன் சின்னக்கா வெண்டி படுத்திருக்கும் ஹாஸ்பிஸுக்காக, கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்துக்காக, நிதி திரட்ட ஓடுகிறோம் என்றதும் பணத்தைத் தட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டாய். "சின்னக்கா வர வேணாம்னு சொல்லிட்டா, ஜூலையில வர்றேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். முதலில் எங்கள் ஓட்டத்தின் லட்சணத்தைக் கேள்.

வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஆலங்கட்டியோடு இன்னும் விடவில்லை. இன்று காலை காரை விட்டு இறங்கினால், குன்று இருந்த இடத்தில் குன்றையே காணோம். வயலில் ஒரு மாடு இல்லை. மாட்டுக்கு இருக்கும் புத்தி. அந்த வயலோரத்தில், அறுபதைத் தொடப்போகும் நாலு தோழிகள் கறுப்பும் மஞ்சளுமாகத் தேனீ வேஷத்தில், முதுகில் கம்பி இறக்கையோடு நின்றோம். வேஷம் க்ளெனிஸின் யோசனை. அவள் யோசிக்க ஆரம்பித்தால் ஊருக்கு ஆகாது என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். உன் அத்தான் கீத் காருக்குள் உட்கார்ந்து சூடாகத் தேநீர் குடித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"ஓடத்தான் வேணுமா?" என்று மோய்ரா கேட்டாள். "எனக்கொண்ணும் இல்லப்பா, உங்க இஷ்டம்" என்றாள் க்ளெனிஸ். பேட்ஸி, "நீங்க ஓடுனா நானும் ஓடறேன்" என்றாள். எனக்கும் ஒன்றும் இல்லை என்றேன் நான். ஓடினோம்.

ஓடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சேறு பாதி, சாணி பாதி, முழங்கால் வரை. ஓரிடத்தில் தடைக்குக் கட்டிய வலைக்கு அடியில் தவழ வேண்டுமாம். ஒரு வயதில் நான் விட்டுவிட்ட வேலை அது. பேட்ஸி ஒட்டிக்கொண்டு வந்த பொய் இமைமயிர் கன்னத்தில் தொங்கியது. தபால் நிலைய ஹொரேஸ் கேரட் வேஷத்தில் எங்களைத் தாண்டும்போது, "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்றார். எப்படி என்று அந்தக் கேரட் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வாய்க்காலைக் கடக்கையில் மோய்ராவின் ஒரு காலணியைச் சேறு விழுங்கிவிட்டது. அவள் அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள். "காலையில எழுந்திரிக்கவே எனக்கு மனசில்ல. நீங்கெல்லாம் ஆசையா இருக்கீங்களேன்னு வந்து தொலைஞ்சேன்" என்றாள். "யாரு, நானா? பேட்ஸிக்குத்தான் ஆசைன்னு நெனச்சேன்" என்றாள் க்ளெனிஸ். பேட்ஸியோ, "எனக்கு முட்டி வலி உயிர் போகுது. ரோவினா தங்கச்சிக்காக ஓடணும்னு நிக்கிறா, அவகிட்ட எப்படி வேணாம்னு சொல்றது?" என்றாள். நானோ விடிந்ததிலிருந்து யாராவது ரத்து செய்ய மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஓட்டத்தை நடத்தும் பெரிய மனிதர் குடையோடு வந்தார். ரத்து செய்யத்தான் நினைத்தாராம். இத்தனை பேர் ஆசையாக வந்துவிட்டார்களே, ஏமாந்துபோவார்களே என்று விட்டுவிட்டாராம். ஆக, ஒருவருக்குமே வேண்டாத ஓட்டத்தை ஊரே ஓடிக்கொண்டிருந்தது. மரியாதை முற்றினால் மூளை கெட்டுப்போகும். இவ்வளவு தெரிந்த பிறகாவது நின்றோமா என்றால் அதுவும் இல்லை. நிறுத்தலாம் என்று முதலில் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. முடித்துத் தொலைத்தோம்.

சேற்றோடு நேராக வெண்டியிடம் போனோம். தாதி முகம் சுளித்துக்கொண்டே தரையில் துணி விரித்தாள். நடந்ததைச் சொன்னதும் வெண்டி சிரித்தாள், இருமல் வந்து தாதி ஓடிவரும் வரை சிரித்தாள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: "டெரிக்கிட்ட சொல்லிடு, அவ்வளவு தூரம் அலைய வேணாம். எனக்கொண்ணும் இல்ல, அவன் இஷ்டம்."

வயலோரத்தில் நாங்கள் சொன்ன அதே வார்த்தை. க்ளெனிஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. உலகத்திலேயே மந்தமானவள் அவள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கே புரிந்தது. நம் வீட்டில் பிறந்து, நம் அம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்த உனக்குப் புரியவில்லை. வர வேண்டாம் என்றாளாம், இவரும் சரி என்றாராம். அந்தக் கேரட்டுக்கு உன்னைவிட அறிவு இருக்கும்.

உன் சின்னக்கா தினமும் கேட்பது ஒன்றுதான்: இப்போது அங்கே மணி என்ன இருக்கும் என்று. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறது. கூட்டுவதற்காகத் தாதி அதை நகர்த்தினால்கூடத் திரும்பப் போட்டாயிற்றா என்று பார்க்கிறாள். நீ ஜூலை என்கிறாய். ஈஸ்டர் வரை தாங்குவாளா என்றாலே டாக்டர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

'முடிந்தால் வா' என்று எழுதிவிட்டு அழித்துவிட்டேன். வா. மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டுவிட்டேன். கடவுள் உன்னை நல்லபடியாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். போன் செய்து என்னிடம் கேட்காதே. கேட்டால் பழக்க தோஷத்தில் நானும் எனக்கொன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். நம்பிவிடாதே.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
அக்கா ரோவினா