இடுப்பில் குத்திய ஊசி

என்னங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெள்ளரிக்காயை முதலில் சாப்பிடுங்கள்.

உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒரு நோயும் இல்லை, சர்க்கரைகூட இறங்கியிருக்கிறதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவுவதைப் பார்த்துப் பயந்துபோய்த்தானே, "எதையோ மறைக்கிறீங்க" என்று நேற்று அந்தக் கத்து கத்தினேன்!

மறைத்தது என்னவோ நிஜம்தான். ரிப்பேரில் கிடக்கிறது என்று நீங்கள் சொன்ன ஸ்கூட்டரைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் போட்டு உடைத்துவிட்டார். "வண்டி எப்பவோ ரெடிம்மா. டெய்லர் சார்தான் கடைக்கு நடந்தே போறாரு. 'வீட்ல சொல்லிடாதப்பா, அவ சிரிப்பா'ன்னாரு."

சிரித்திருப்பேன்தான். நீங்கள் பாதியில் விட்ட நடைப்பயிற்சி கொஞ்சமா நஞ்சமா?

பேன்ட்டை இடுப்பில் பிடித்து, ஊசி குத்தி, மிஷின் மேல் வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டே போன மகராசா, இந்தத் தடவை சின்னதாக்குங்கள்.

ஸ்கூட்டர் சாவியைத் தேட வேண்டாம். என்னிடம் இருக்கிறது.

பி.கு.: தங்கை வீட்டுக்கு நானும் நடந்துதான் போகிறேன். சிரிக்கக் கூடாது.

இன்னொன்று: பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைக்காதீர்கள். மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.